பனிக்குள்ளிருந்து கூப்பிட்ட பெயர்

மேற்கு ஜெர்மனி கால்பந்தில் உலகக் கோப்பையை வென்று, ஊரே கொண்டாடித் தீர்த்த எழுபத்து நான்காம் வருஷக் கோடைக்காலம். எனக்குக் கல்யாணமாகி அரை வருஷம்தான் ஆகியிருந்தது. மூனிக் நகரத்தை ஒட்டிய கார்ஹிங்கில், ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் என் கணவருக்கு வேலை. நான் சாத்தூர்க்காரி. எனக்குத் தெரிந்த ஐஸ் எல்லாம் பள்ளிக்கூட வாசலில் குச்சியில் செருகி விற்ற சேமியா ஐஸ்தான்.

அவரோடு வேலை பார்த்த ஜெர்மானியர்கள் எங்களுக்குத் தாமதமாக ஒரு கல்யாணப் பரிசு கொடுத்தார்கள். நம் ஊராக இருந்தால் குத்துவிளக்கு வரும், எவர்சில்வர் தூக்கு வரும், போனால் போகிறதென்று ஒரு சுவர்க் கடிகாரமாவது வரும். இவர்கள் கொடுத்தது ஒரு மலை. அந்த நாட்டிலேயே உயரமான சுக்ஷ்பிட்சே சிகரத்துக்கு, பனியாற்றின் வழியாக, தேர்ந்த வழிகாட்டி ஒருவரோடு எங்கள் இருவரையும் அனுப்பி வைக்கிறார்களாம். எல்லா ஏற்பாடும் அவர்களுடையது, ஏற வேண்டியது மட்டும் எங்கள் பாடு.

“ஒரு பிரஷர் குக்கர் வாங்கிக் குடுத்திருந்தா புண்ணியமாப் போயிருக்குமே” என்று வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். அவர் காதில் விழவே இல்லை. முகமெல்லாம் பல்லாக நின்றார். ஊறுகாய் பாட்டில் மூடி இறுகிவிட்டால் என்னிடம் நீட்டுகிற மனிதர் அவர். மூக்குக்கண்ணாடியும் ஒட்டிய கன்னமுமாக, காற்று பலமாக அடித்தால் நான்தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றும். இவரை நம்பி மலைக்கா என்று எனக்கு உள்ளூரக் கிலிதான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் அவர் பெயரைச் சொல்வதில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பெண்கள் யாரும் புருஷன் பெயரைச் சொல்லமாட்டோம். ‘ஏங்க’ என்றால் அவர்தான். அவருடையதோ பழனி மலைமேல் நிற்கிறவரின் பெயர்களில் ஒன்று. கோயிலில் கும்பிடும்போதுகூடச் சாமியை வேறு பெயரில் கூப்பிட்டுச் சமாளிப்பேன். ஜெர்மானிய அலுவலகங்களில் கணவர் பெயர் என்னவென்று கேட்டால் பாஸ்போர்ட்டைத் திறந்து விரலால் காட்டுவேன். எனக்குப் பேச்சு வராது என்று முடிவு கட்டிய அதிகாரிகளும் உண்டு.

மலைக்குப் போன அன்று வாழ்க்கையில் முதல்முறையாக பேன்ட் போட்டேன். அது அவருடையது. இடுப்பில் நிற்காததால் ஊக்கு குத்தி நிறுத்தினேன். பின்னலைச் சுருட்டிக் கம்பளித் தொப்பிக்குள் திணித்தேன். கண்ணாடியில் பார்த்தபோது யாரோ ஒரு திருட்டுப் பையன் நின்றுகொண்டிருந்தான்.

நாங்கள் ஏறிய பள்ளத்தாக்குக்கு ஜெர்மன் மொழியில் நரகப் பள்ளத்தாக்கு என்று பெயர். உள்ளே நுழைந்ததும் ஏன் என்று புரிந்துபோயிற்று. இரண்டு பக்கமும் ஆகாயத்தை மறைக்கிற பாறை. நடுவே தண்ணீர் இரைந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. பாறையைக் குடைந்து வைத்திருந்த ஒற்றையடிப் பாதையில் தலையிலும் தோளிலும் தண்ணீர் சொட்டச் சொட்டப் போனோம். நரகம் இவ்வளவு குளுமையாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

வழிகாட்டிக்கு நாற்பதைத் தாண்டிய வயது. மலையடிவாரத்துக் கிராமத்துக்காரர். நடக்கும்போது வாயே திறக்கமாட்டார், உட்கார்ந்தால் மூடமாட்டார். சாயங்காலம் பள்ளத்தாக்கின் மேல்முனையில் இருந்த மரவிடுதியில் பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருந்தபோது, தென் அமெரிக்காவில் அவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஏறிய ஓர் எரிமலையைப் பற்றிச் சொன்னார். மனித வாடையே இல்லாத இடமாம். அடிவயிற்றில் நெருப்பும் தலையில் பனியுமாக நிற்குமாம். மேலே போகப் போக மூச்சு திணறுமாம், உச்சியில் பனிக்கு நடுவிலிருந்து கந்தக வாடை வருமாம். என் கணவர் சூப்பை மறந்துவிட்டுக் கேட்டார். பள்ளிக்கூட அட்லஸில் அந்த மலையின் படத்தைப் பார்த்துவிட்டு, நெருப்பு ஏன் பனியை உருக்கவில்லை என்று வாத்தியாரைக் கேட்டு அடி வாங்கியவர் அவர்.

அந்த எரிமலையில் ஒருநாள் மூடுபனியில் மூன்று குழுக்கள் பக்கம் பக்கமாக மாட்டிக்கொண்டனவாம். ஒருவர் ‘இழு’ என்று கத்த, வேறு கயிற்றில் இருந்தவர்கள் இழுத்துவிட்டார்களாம். ஒருவருக்குக் கால் போயிற்று. அன்றிலிருந்து வழிகாட்டியின் கயிற்றில் ஒரு சட்டம். கயிற்றில் கட்டிக்கொண்டபின் ஐயா, அம்மா, டாக்டர் எதுவும் கிடையாது. முதலில் பெயர், அப்புறம்தான் சேதி.

விடுதிக்கு வெளியே புல்வெளியில் எங்களைக் கயிற்றில் கட்டி ஒத்திகை பார்த்தார். முன்னால் அவர், நடுவில் நான், கடைசியில் என் கணவர். மார்பைச் சுற்றி ஒரு பட்டை வார், அதில்தான் கயிறு முடிச்சு. பின்னால் வருகிறவரை நிறுத்தச் சொல் என்றார். நான் திரும்பி, “ஏங்க, நில்லுங்க” என்றேன். அவர் நின்றார். பெயர் எங்கே என்று வழிகாட்டி கேட்டார். என் கணவர் நெளிந்துகொண்டே விஷயத்தை விளக்கினார். வழிகாட்டி சிரித்து ஓய்ந்தபின், நாளைக்குப் பனியில் இந்த விளையாட்டு வேண்டாம், பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று என்னைப் பார்த்துக் கண்டிப்பாகச் சொன்னார். நான் தலையை ஆட்டி வைத்தேன். சொல்வதாக எனக்கு உத்தேசமே இல்லை.

மறுநாள் விடியும்போது கிளம்பினோம். செங்குத்தான பாறையில் இரும்புக் கம்பிகளை அடித்து வைத்திருந்தார்கள். காலுக்குக் கீழே கம்பி, கம்பிக்குக் கீழே ஒன்றுமில்லை. அதைத் தாண்டி, கல்லும் சரளையுமாக இருந்த மேட்டில் ஏறித் தலையை நிமிர்த்தினேன். பனியாறு என் எதிரே கிடந்தது.

பனியாறு என்றால் நான் ஏதோ உறைந்த வாய்க்கால் என்று நினைத்திருந்தேன். அது மலைக்கும் மலைக்கும் நடுவில் தன் பாட்டுக்கு இறங்கி வந்து, பாதியில் யாரோ நில் என்று சொன்னதைக் கேட்டு நின்ற மாதிரி இருந்தது. கீழ்ப்பகுதி அழுக்கு வெள்ளை. மேலே போகப் போகக் கண் கூசும் வெள்ளை. அதற்கும் மேலே, அப்போதுதான் வெயில் பட்ட பாறைச் சுவர்கள் செம்மண் நிறத்தில் எரிந்தன. அந்தப் பனி நிற்கவில்லை, வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது என்று வழிகாட்டி சொன்னார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது, கும்பிட்டேன். வழிகாட்டியும் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டதைப் பார்த்தேன்.

பூட்ஸுக்கு அடியில் இரும்பு முட்களைக் கட்டிவிட்டார். கயிற்றில் கட்டினார். அவர் மிதித்த தடத்தில் மட்டும் மிதிக்க வேண்டும், ஓர் அடிகூட விலகக் கூடாது, பனியின் மேல்தோல் எங்கே கெட்டி, எங்கே வெறும் போர்வை என்று பார்த்தால் தெரியாது என்றார். நறுக் நறுக்கென்று முட்கள் பனியைக் கடிக்க ஏறினோம். என் பயமெல்லாம் எங்கே போயிற்றோ, எனக்குப் பாடத் தோன்றியது.

அப்போதுதான் மேலிருந்து ஒரு வயதான தம்பதி இறங்கி வந்தார்கள். இருவருக்கும் எழுபது இருக்கும். அந்த அம்மாளுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டதால் பாதியில் திரும்பிவிட்டார்களாம். நாங்கள் ஏறிய அதே தடத்தில்தான் அவர்களும் வந்தார்கள். வழிகாட்டி எங்களை அப்படியே நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினார். அந்தத் தம்பதி சுற்றிக்கொண்டு போக வேண்டிய பக்கத்தை அவர்களுக்குச் சொன்னார். அந்தக் கிழவர் வழிகாட்டியைத் தாண்டி வந்துவிட்டார். பின்னால் அந்த அம்மாள் கோலை ஊன்றி, காலை இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தார்.

எங்கள் தெருவில் பெரியவர்கள் எதிரே வந்தால் நாங்கள் ஒதுங்கி வழிவிடுவோம். அதை யோசித்துச் செய்வதில்லை. கால் தானாகச் செய்யும். அந்த அம்மாள் தடுமாறி வருவதைப் பார்த்ததும் என் கால் தடத்தை விட்டு இரண்டடி விலகி, அவருக்கு வழிவிட்டு நின்றது. சிரித்துக்கொண்டே அவர்கள் பாஷையில் வணக்கம்கூடச் சொன்னேன். வணக்கம் முடிவதற்குள் காலுக்குக் கீழே பனி இல்லை.

விழுந்தது நினைவில் இல்லை. மார்பில் யாரோ உலக்கையால் இடித்த மாதிரி ஒரு வலி. கண்ணைத் திறந்தால் தொங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த இடத்தை நான் எப்படிச் சொல்வது? இரண்டு பக்கமும் பனிச்சுவர். வெள்ளை இல்லை, நீலம். மேலே மயில்துத்தம் கரைத்த தண்ணீர் மாதிரி வெளிர் நீலம், கீழே போகப் போக அவுரி நீலம், அதற்கும் கீழே கறுப்பு. வெளிச்சம் மேலிருந்து வந்ததாகவே தெரியவில்லை, சுவருக்குள்ளிருந்து கசிந்தது. வெகு ஆழத்தில் எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் பெய்த பனி என் மூக்குக்கு நேராக, கண்ணாடி போல, உள்ளே குமிழ் குமிழாகக் காற்றை அடைத்து வைத்துக்கொண்டு நின்றது. சாகப் போகிறேன் என்று தெரிந்தது. அதே நேரத்தில், இவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததே இல்லை என்றும் தோன்றியது. இரண்டும் ஒன்றையொன்று இடிக்காமல் என் மனசுக்குள் இருந்தன. இன்றைக்கு நினைத்தாலும் அது எனக்கு அதிசயம்தான்.

பிறகு மூச்சு முட்ட ஆரம்பித்தது. என் கனமெல்லாம் மார்பு வாரில் தொங்கியது. என்னைப் பிடித்திருந்த கயிறுகள் இரண்டு. ஒன்று முன்னால் இருந்த வழிகாட்டியிடம், இன்னொன்று பின்னால் என் கணவரிடம். வழிகாட்டி இருந்த பக்கம் நான் விழுந்த பனிப்பிளவின் விளிம்பு சரிவாக இருந்தது. அந்தப் பக்கமாக என்னைத் தூக்கிவிடலாம். என் கணவர் பக்கமோ விளிம்பு கூரை மாதிரி நீண்டிருந்தது. அவர் இழுத்த இழுப்பில் நான் அந்தக் கூரைக்கு அடியில் போய், தோளும் தலையும் பனியில் அழுந்த மாட்டிக்கொண்டிருந்தேன்.

மேலே நடந்ததை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். நான் விழுந்த கணத்தில் என் கணவர் குப்புற விழுந்து, பனிக் கோடாலியைக் குத்தி, கயிற்றை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு பிடித்துவிட்டார். கண்களை இறுக மூடிக்கொண்டாராம். வழிகாட்டி தன் பக்கம் பனியில் இரும்பு அடித்துக் கயிற்றை நிலைப்படுத்திவிட்டு, கயிற்றை விடு, நான் தூக்க வேண்டும் என்று கத்தியிருக்கிறார். பதற்றத்தில் அவருக்கு வாயில் வந்தது அவர் கிராமத்துப் பேச்சு. என் கணவர் படித்ததோ வகுப்பில் சொல்லிக்கொடுத்த ஜெர்மன். ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரியவில்லை. கிழவரும் கத்தினார், அந்த அம்மாளும் கத்தினார். எல்லாரும் ‘விடாதே’ என்று சொல்வதாகவே இவர் எடுத்துக்கொண்டார். வேறு எதையும் கேட்கிற நிலையில் அவர் இல்லை.

எனக்கு இதெல்லாம் கீழே தெரியுமா? பயத்தில், “ஏங்க! ஏங்க!” என்று கத்தினேன். உடனே பின்கயிறு இறுகியது. வார் விலாவுக்குள் போயிற்று. மறுபடியும் கத்தினேன். மறுபடியும் இறுகியது. அப்போதுதான் உறைத்தது. நான் கூப்பிடக் கூப்பிட அவர் இழுக்கிறார். அடுப்பில் பால் பொங்கினாலும் ‘ஏங்க’, பூரான் வந்தாலும் ‘ஏங்க’ என்று கத்துகிறவள் நான். என் ‘ஏங்க’வுக்கு அவருக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றே ஒன்றுதான், ஓடி வா, காப்பாற்று. அவர் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அந்தக் காப்பாற்றலில் என் உயிர் போய்க்கொண்டிருந்தது.

மூச்சு இன்னும் ஒரு கத்தலுக்குத்தான் மிச்சம் என்று பட்டது. கண் ஓரமெல்லாம் இருட்டிக்கொண்டு வந்தது. நான் அவர் பெயரைச் சொன்னேன்.

முழுப் பெயரையும் சொன்னேன். அந்த நீலச் சுவர்கள் இரண்டும் அதை வாங்கி மேலே அனுப்பின. அதுவரை இருந்த கூச்சல் எல்லாம் நின்றுவிட்டது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. கயிறு இழுப்பதை நிறுத்தியது. மேலே அவர் கண்ணைத் திறந்து தலையைத் தூக்கினாராம். யார் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு நொடி அவருக்குத் தெரியவில்லையாம். அந்தக் குரலை அந்தப் பெயரோடு சேர்த்து அவர் கேட்டதே இல்லையே.

“கயிற விடுங்க. நான்தான் சொல்றேன், விடுங்க.”

இதை எழுதுவது சுலபம். அவர் நிலையில் இருந்து யோசித்துப் பாருங்கள். கையில் இருப்பது பெண்டாட்டியின் உயிர். ஆழம் எவ்வளவு என்று தெரியாது. அந்தப் பக்கம் இன்னொரு கயிறு தாங்குகிறதா என்பதும் கிடந்த கிடையில் அவருக்குத் தெரியவில்லை. அவரிடம் இருந்தது என் வார்த்தை ஒன்றுதான்.

அவர் விட்டார்.

நான் ஒரு முழம் கீழே போனேன். ஊஞ்சல் மாதிரி ஆடி எதிர்ச் சுவரில் போய் மோதினேன். மூச்சு வந்தது. அதன் பிறகு வழிகாட்டியும் அந்தக் கிழவரும் சேர்ந்து என்னைத் தூக்கினார்கள். முகத்தில் வெயில் பட்டது. பனியில் குப்புறக் கிடந்து, பனியையே வாய் நிறையத் தின்றேன். ஏன் தின்றேன் என்று கேட்டால் தெரியாது.

அந்த அம்மாள் தவழ்ந்தே என்னிடம் வந்தார். எனக்காகவா ஒதுங்கினாய், எனக்காகவா என்று திரும்பத் திரும்பக் கேட்டு அழுதார். என் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அதில் தேநீர் மட்டும் இல்லை என்று முதல் மடக்கிலேயே தெரிந்தது. குடித்துவிட்டேன், விசாரிக்கவில்லை.

என் கணவர் பக்கத்தில் வரவில்லை. தடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணாடி கோணியிருந்தது, மூக்கில் பனி. வழிகாட்டி கயிற்றைச் சரிசெய்து, அவரை அடி அடியாக என்னிடம் நடத்திக்கொண்டு வந்தார். கையுறையைக் கழற்றியபோது உள்ளங்கையில் கயிறு அறுத்த இடம் ரத்தமாக இருந்தது. அதை அவர் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

“பேரு சொன்னே” என்றார்.

“ஆமா” என்றேன்.

அவ்வளவுதான் பேசினோம். இந்தக் காற்றாடி மனிதரையா நான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. மலையைப் பார்த்தபோது வந்த அதே சிலிர்ப்பு அவர் கையைப் பார்த்தபோதும் வந்தது. பொய் சொல்லவில்லை, கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

வழிகாட்டி என் விலாவை அழுத்திப் பார்த்தார். எலும்பு முறியவில்லை. கீழே போனால் மறுபடியும் இதே பனி, இதே கம்பிப் பாறை. மேலே போனால் இரும்புப் படிகள், உச்சியில் இறங்குவதற்குக் கம்பிவண்டி. மேலே போவதே நல்லது என்றார். கிளம்புமுன், அவசரத்தில் தன் ஜெர்மன் மறந்துபோய்விட்டதற்காக என் கணவரிடம் மன்னிப்புக் கேட்டார். இனி ஆட்களைக் கூட்டிப்போகும்போது ‘விடு’ என்பதற்கு அவர்கள் பாஷையில் என்ன என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்வதாகச் சொன்னார். ‘விடு’ என்று அவரைச் சொல்லவைத்துப் பழக்கினோம். ‘டு’ அவருக்கு நன்றாகவே வந்தது.

உச்சியை எட்டும்போது பிற்பகல். கடைசிப் படியில் கையை ஊன்றி, நானும் ஒரு சாதனைக்காரி என்று தலையை நீட்டினால், எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. அடிவாரத்திலிருந்து கம்பிவண்டியில் வந்தவர்கள், செருப்பும் பூப்போட்ட கவுனுமாக உட்கார்ந்து தொத்திறைச்சி தின்றுகொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை என் பூட்ஸைப் பார்த்து அழுதது. எனக்குச் சிரிப்பு வந்தது. விலா வலியில் சிரிக்கவும் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை.

வழிகாட்டி எங்களை, ஓரமெல்லாம் கம்பி வேலி போட்டு, தங்க முலாம் பூசிய சிலுவை நிற்கிற பாறைக்குக் கூட்டிப்போய்க் கை குலுக்கினார். சுற்றிலும் மலை, மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் ஆகாயமா மலையா என்று தெரியாத ஒரு நீலம். என்னைத் தன்னுள் வைத்திருந்த பனியாறு கீழே ஒரு துண்டுத் துணியளவுக்குத் தெரிந்தது. நான் முதுகுப் பைக்குள் தூக்குப் பாத்திரத்தில் கொண்டுபோயிருந்த எலுமிச்சைச் சாதத்தை மூன்று பேரும் தின்றோம். விழுந்ததில் நசுங்கிப் பிண்டமாகியிருந்தது. அமிர்தமாக இருந்தது.

வழிகாட்டி கொஞ்சம் நகர்ந்ததும் என் கணவர், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார். “இன்னொரு தடவ கூப்பிடேன்.”

“இங்க எதுக்கு? இங்கதான் கம்பி வேலி இருக்கே” என்றேன்.

ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. ஜெர்மனியை விட்டு வந்து மதுரையில் இருக்கிறோம். எங்கள் மருமகள் என் பையனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் மட்டும் அதற்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்லவில்லை. முன்பு கூச்சத்தால் சொல்லாமல் இருந்தேன். இப்போது அது அப்படி இல்லை, அந்த நீலத்துக்குள் சொன்னதைக் காய்கறி வாங்கச் சொல்வதற்கெல்லாம் எடுக்க மனசு வரவில்லை. அவரும் கல்யாண நாள்தோறும் கேட்டுப் பார்ப்பார், நானும் அந்தக் கம்பி வேலிப் பதிலையே சொல்வேன்.

காலையில் காபி டம்ளரை வாங்க அவர் கையை நீட்டும்போது உள்ளங்கையில் குறுக்கே ஓடும் அந்த வெள்ளைத் தழும்பு என் கண்ணில் படாத நாளே இல்லை. அன்றைக்கு அவர் என்னைப் பிடித்ததற்கு அந்தத் தழும்பு சாட்சி, விட்டதற்கு நான்தான் சாட்சி.